நாற்பத்தொன்றாவது கையெழுத்து

பிப்ரவரி 4

தம்பிக்கு,

போன் பண்ணினால் எடுக்க மாட்டாய். மூன்று வருடமாக எடுக்காதவன் இன்றைக்கு மட்டும் எடுத்துவிடப் போகிறாயா? அதனால்தான் காகிதம். கிழித்துப் போடுவதென்றாலும் ஒருமுறை படித்துவிட்டுக் கிழி.

எங்கள் நூலகத்து மாடிக் கூடத்தில் மாதக் கடைசிச் சனிக்கிழமை ஓர் ஆவணப்படம் போட்டு, அதைப் பற்றிப் பேசுவோம். இதுவரை தேனீ, பழைய பாலங்கள், உருகும் பனி என்று யாருக்கும் வலிக்காத படங்களாகவே போட்டுக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை வந்த பட்டியலில் வேறு மாதிரி ஒரு படம் இருந்தது. தன்பால் ஈர்ப்பு உள்ளவர்களையும் திருநங்கைகளையும் ஒரு நாட்டில் சட்டம் போட்டே வேட்டையாடுவதைப் பற்றியது. முகம் எல்லாம் மறைத்து, குரல் எல்லாம் மாற்றி எடுத்திருக்கிறார்கள். கடைசியில் ஓடிய பெயர்களில், 'குரல் மாற்றம்' என்று போட்டு உன் பெயர் இருந்தது. நான் நிறுத்தி நிறுத்தி மூன்று தடவை பார்த்தேன்.

அதை இந்த மாதம் போடப் போகிறேன். படம் முடிந்து நடக்கும் உரையாடலுக்கு நீ வர வேண்டும். என் முகத்துக்காக வேண்டாம், படத்துக்காக வா.

அம்மா உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். நானும்தான், வாய்விட்டுக் கேட்பதில்லை.

அக்கா

*

பிப்ரவரி 11

அக்காவுக்கு,

கிழிக்கத்தான் பார்த்தேன். டாக்டர் பிடுங்கி வைத்துக்கொண்டு, பதில் எழுதினால்தான் தருவேன் என்கிறார். டாக்டர் யார் என்று உனக்குத் தெரியும். ஏழு வருடமாக என்னோடு வாழ்கிறவர், ஊராரின் சொத்தைப் பல்லைப் பிடுங்கிப் பிழைக்கிறவர். அப்பா செத்த அன்று 'நீ மட்டும் வா' என்று நீ போனில் சொன்னாயே, அந்த 'மட்டும்' யாரை விட்டுவிடச் சொன்னதோ, அவர்.

நான் வர மாட்டேன். கடல் தாண்டி நடக்கிற கொடுமைக்கு உட்கார்ந்து அழுவது சுலபம் அக்கா. அங்கே அடிக்கிறவனுக்கும் உனக்கும் சம்பந்தமே இல்லை. கைகழுவிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம்.

ஆனால் படத்தைப் போடாதே என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. போடுவதானால் சில விஷயங்களைக் கேட்டுக்கொள். ஜன்னல் திரைகளை இறக்கிவிடு. யாரும் போட்டோ எடுக்கக் கூடாது. வாசலில் படத்தின் பெயரை எழுதி ஒட்டாதே. யார் வந்தார்கள் என்பதற்கு எந்த அடையாளமும் இருக்கக் கூடாது. இதைப் பற்றிப் போனில் யாரோடும் பேசாதே, எனக்கும் காகிதத்திலேயே எழுது.

இவ்வளவு எதற்கு என்று கேட்பாய். படத்தின் மூன்றாவது பகுதியில் ஒரு தையல்காரர் பேசுவார், கை மட்டும் தெரியும். அவர் கடையில் நம்மைப் போன்றவர்கள்... இல்லை, என்னைப் போன்றவர்கள் நிறையப் பேர் துணி தைக்கக் கொடுத்திருந்தார்கள். போலீஸ் வந்து அவருடைய அளவு நோட்டை எடுத்துக்கொண்டு போனது. பெயர், விலாசம், மார்பளவு, கை நீளம் எல்லாம் அதில் இருந்தது. அதை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள். பதினாலு பேரைப் பிடித்தார்கள். அந்த நோட்டில் எழுதியதெல்லாம் அவர் கையெழுத்து.

அவர் இப்போது உன் ஊருக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறார். படத்தை நாலு ஜனங்களோடு உட்கார்ந்து பார்க்க ஆசைப்படுகிறார், வந்தாலும் வருவார். அவருடைய சொந்தத் தம்பி இன்னும் அந்த நாட்டில்தான் இருக்கிறான். பேசியது இவர்தான், இருப்பது இங்கேதான் என்று தெரிந்தால் அந்தப் பையனைத் தூக்குவார்கள். இங்கே இருந்துகொண்டு அங்கே கோள் சொல்லி அனுப்புகிற ஆட்கள் உண்டு.

அவர் குரலில் ஒரு மாதம் வேலை பார்த்தேன். மூச்சு வாங்குவதைக்கூட விடாமல் மாற்றினேன். நீ அதைக் கெடுத்துவிடாதே.

தம்பி

*

பிப்ரவரி 17

தம்பிக்கு,

யாருக்கு யார் பாடம் நடத்துவது? இருபத்தாறு வருடமாகப் புத்தகம் கொடுத்து வாங்குகிறவள் நான். யார் எந்தப் புத்தகத்தை எடுத்துப் போனார் என்று அவர் பெண்டாட்டிக்குக்கூட நான் மூச்சு விட்டதில்லை. நீ சொன்னது அத்தனையும் நடக்கும், கவலைப்படாதே.

இங்கே எனக்கு ஒரு குடைச்சல் போதாதென்று, செயலாளர் மாமா வேறு. அப்பாவோடு சீட்டாடுவாரே, அவர்தான் இப்போது நூலகக் குழுவின் செயலாளர். குடும்பத்தோடு வருகிற இடத்தில் இந்த மாதிரிப் படமா என்று கேட்டார். தேனீப் படத்துக்கு எத்தனை குடும்பம் வந்தது என்று திருப்பிக் கேட்டேன். ஒன்பது பேர் வந்தார்கள், அதில் இரண்டு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். அவர் முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். ஏதாவது வம்பு வந்தால் பொறுப்பு முழுக்க என் தலையில்தான் என்று எழுதியும் வாங்கிக்கொண்டார்.

அந்த 'மட்டும்' பற்றி. அன்று வீடு கொள்ளாத கூட்டம். அம்மா நினைவில்லாமல் கிடந்தாள். வருகிறவர்கள் எல்லாம் என்னைத்தான் கேள்வி கேட்பார்கள். எனக்குப் பயமாக இருந்தது, அவ்வளவுதான். இதை நியாயம் என்று சொல்லவில்லை. ஆனால் மூன்று வருடம் பேசாமல் இருக்கிற அளவுக்கா? ஒரு தடவை சண்டை போட்டிருக்கலாமே தம்பி, நீ சண்டையே போடாமல் போய்விட்டாய்.

அக்கா

*

மார்ச் 1, ஞாயிறு

தம்பிக்கு,

எழுதக் கை ஓடவில்லை. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு நீ என்ன வேண்டுமானாலும் திட்டு.

நேற்றுப் படம் போட்டோம். திரையெல்லாம் இறக்கியிருந்தது. வாசலில் 'இந்த மாதப் படம்' என்று மட்டும் எழுதினேன். போட்டோ எடுக்க வேண்டாம் என்று நானே எழுந்து நின்று சொன்னேன். எல்லாம் சரியாக நடந்தது என்றுதான் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினேன்.

இன்று காலை நாற்காலிகளை மடக்கி வைக்கப் போனால், கூடத்து வாசலில் சின்ன மேஜை மேல் வருகைப் பதிவேடு திறந்தபடி கிடக்கிறது. பக்கத்தில் நூல் கட்டிய பேனா.

நான்தான் வைத்தேன். வேறு யாருமில்லை. இந்தக் கூடத்தில் நிகழ்ச்சி என்றால் முதலில் அந்த மேஜையைப் போட்டு, பதிவேட்டைத் திறந்து, தேதியை எழுதிக் கோடு இழுப்பேன். இருபத்தாறு வருடத்தில் ஒருநாளும் தவறியதில்லை. நேற்றும் கை தானாகச் செய்திருக்கிறது. தேதி என் எழுத்தில் இருக்கிறது, கோடுகூட நேராக இருக்கிறது. உன் கடிதம் அப்போது என் கைப்பையில் இருந்தது. ஜன்னல் திரை ஞாபகம் இருந்தது, கேமரா ஞாபகம் இருந்தது. இது மட்டும் மூச்சு விடுவது மாதிரி, செய்கிறேன் என்றே தெரியாமல் செய்திருக்கிறேன்.

நாற்பத்தொரு கையெழுத்து. நாற்பது பேரை எனக்குத் தெரியும். கடைசியில் இருப்பவரைத் தெரியாது. விளக்கு அணைக்கிற நேரத்தில் தயங்கித் தயங்கி வந்தார், ஒல்லியான மனிதர், சட்டை மட்டும் அளவெடுத்துத் தைத்த மாதிரி கச்சிதமாக இருந்தது. அவர் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான்தான் பேனாவை எடுத்து நீட்டி, "உங்க பேரை எழுதிட்டு உள்ள போங்க" என்றேன். முழுப் பெயர் எழுதியிருக்கிறார், அந்த நாட்டுப் பெயர். எதிரே விலாசம், கதவு எண் வரைக்கும்.

அளவு நோட்டுப் பகுதியில் தேம்பித் தேம்பி அழுதேன் தம்பி. நாலு வரிசை தள்ளி அவர் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

உரையாடலில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், "நல்லவேளை, நம்ம பக்கம் இப்படியெல்லாம் இல்ல" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நடத்துகிறவள் நான், பேச வேண்டியவள் நான். தொண்டை வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டு, அடுத்த கேள்வி இருக்கிறதா என்று கேட்டேன்.

பதிவேட்டை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். என்ன செய்யட்டும் என்று எழுது. பதிவேட்டில் கை வைப்பது எங்கள் வேலையில் பெரிய குற்றம், அதனால்தான் கேட்கிறேன்.

அக்கா

*

மார்ச் 4

அக்கா,

குற்றமா? இதைக் கேட்க ஒரு கடிதம், அது வர மூன்று நாள், என் பதில் வர மூன்று நாள். அதுவரைக்கும் அவர் பெயர் உன் பீரோவில் இருக்கும், இல்லையா? போன் வேண்டாம், காகிதத்தில் எழுது என்று சொன்னது நான்தான், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அந்தத் தாளை அழித்துவிடு. தபாலில் அனுப்பாதே, பத்திரப்படுத்தாதே, அழி.

உன் கடிதம் வந்த அரை மணியில் நானும் டாக்டரும் காரை எடுத்துக்கொண்டு அவர் தங்கியிருந்த இடத்துக்குப் போனோம். ஒரு பை, ஒரு தையல் மெஷின், அவ்வளவுதான் அவர் சொத்து. வேறு இடத்தில் கொண்டுபோய் விட்டிருக்கிறோம்.  வழியில் அவரைப் பார்த்து, எதற்கு எழுதினீர்கள் என்று நான் கத்திவிட்டேன், டாக்டர் என் கையைப் பிடித்து அடக்கினார்.

இவர் தப்பித்துவிட்டார். அங்கே இருக்கிற அவர் தம்பிக்குச் சொல்லி அனுப்ப வழி தேடிக்கொண்டிருக்கிறோம். பதிவேட்டை வேறு யார் பார்த்தார்கள்? அதை மட்டும் எழுது.

*

மார்ச் 7

தம்பிக்கு,

உன் கடிதம் இன்று வந்தது. அதற்கு முன்பே தாளை அழித்துவிட்டேன். ஆனால் அதற்கும் முன்னால் ஒன்று நடந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை நான் போவதற்குச் சற்றுத் தாமதமானது. போனால், நல்ல உடுப்பில் ஒரு ஆள் படிப்பு மேஜையில் உட்கார்ந்து பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருக்கிறார். எங்கள் விதிப்படி உறுப்பினர் யார் கேட்டாலும் பதிவேட்டைக் காட்ட வேண்டும். அவர் முதல்நாள்தான் உறுப்பினராகச் சேர்ந்திருக்கிறார். உதவி நூலகரிடமும் பீரோச் சாவி ஒன்று உண்டு. அவளுக்கு நான் எதுவும் சொல்லவில்லை, ரகசியம் காக்கிறேனாம். அவள் விதிப்படி எடுத்துக் கொடுத்திருக்கிறாள், பாவம்.

நான் போய்ப் பதிவேட்டின் மேல் கையை வைத்தேன். பைண்டிங்குக்குப் போகிறது, இப்போது பார்க்க முடியாது என்றேன். அவர் சிரித்தார். "ஒண்ணும் அவசரமில்லை மேடம், எழுதியே கேக்கறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். என் கை இருந்தது ஜனவரிப் பக்கத்தின் மேல். அவர் முன்னாலிருந்து புரட்டிக்கொண்டு வந்தாரா, பின்னாலிருந்து பிப்ரவரிப் பக்கத்தையும் பார்த்துக்கொண்டு வந்தாரா என்று எனக்குத் தெரியாது. நாலு நாளாக இதே யோசனைதான்.

அவர் போனதும் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, பிளேடால் தாளை அறுத்தேன். ஒரு வாளித் தண்ணீரில் ஊற வைத்து, கூழாகிற வரைக்கும் பிசைந்து கொட்டினேன்.  அறுத்தது ஒழுங்காகத்தான் அறுத்திருக்கிறேன், பதிவேட்டின் தையல் பிரியவில்லை.

அந்த ஆள் சொன்னபடியே எழுதிக் கொடுத்துவிட்டார், பொது ஆவணத்தை மறைக்கிறார்கள் என்று. செயலாளர் மாமா வந்து பதிவேட்டைப் பார்த்தார், பக்கத்தைக் காணவில்லை. இருபதாம் தேதி விசாரணை. தனியாகக் கூப்பிட்டு, "கூரை ஒழுகி நனைஞ்சு போச்சுன்னு எழுதிக் குடும்மா, நான் பாத்துக்கறேன்" என்றார். எனக்கு ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம்தான் இருக்கிறது என்பதையும் ஞாபகப்படுத்தினார்.

நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் நனைந்து போனதென்றால், வந்தவர்களை எல்லாம் திரும்பக் கூப்பிட்டுப் புதிதாகக் கையெழுத்து வாங்க வேண்டும். அதுவும் விதிதான். மறுபடி ஒரு பட்டியல் உருவாகும். கடைசியாக வந்தவர் யார் என்று நாற்பது பேரையும் கேட்பார்கள், நாலு பேராவது அடையாளம் சொல்வார்கள்.

அந்தப் பையன் என்ன ஆனான்? தெரிந்தால் ஒரு வரி எழுது.

அக்கா

*

மார்ச் 21

தம்பிக்கு,

நீ ஒரு வரியும் எழுதவில்லை. கோபமா, கெட்ட செய்தியா என்று தெரியாமல் தபால்காரர் வரும் நேரமெல்லாம் வாசலிலேயே நிற்கிறேன். ஆனாலும் நடந்ததை நீ வேறு யார் வாயாலும் கேட்கக் கூடாது, அதனால் எழுதுகிறேன்.

விசாரணை நேற்று அதே மாடிக் கூடத்தில் நடந்தது. எதிரே மூன்று பேர், நடுவில் மாமா. அவரே என் பதிலையும் சொல்லிவிட்டார், கட்டடம் பழசு, ஒழுகல் இருக்கிறது என்று. நான் ஆமாம் என்று தலையாட்டினால் போதும்.

"ஒழுகல. நான்தான் அறுத்து அழிச்சேன். வந்தவங்க பேரைத் திரும்ப எழுதச் சொன்னாலும் எழுத மாட்டேன்" என்றேன்.

காரணம் என்ன என்று கேட்டார்கள். அந்தப் பேரை வைத்து ஆளைத் தேடுவார்கள், அதனால் என்றேன். மற்றவர்களில் ஒருவர், எங்கேயோ இருக்கிற நாட்டுக்காரன் பிரச்சினைக்கு நீங்கள் ஏன் வேலையைத் தொலைக்கிறீர்கள் என்றார். அந்த வாத்தியார் சொன்ன அதே தோரணை. இந்தத் தடவை என்னால் விழுங்க முடியவில்லை.

"எங்கேயோ இல்லைங்க. என் தம்பியும் அப்படித்தான். அவனோட துணைவர் ஒரு பல் டாக்டர். எங்கப்பா சாவுக்கு அவரைக் கூட்டிட்டு வராதேன்னு சொன்னவ நான். இந்த ஊர்ல யாரும் யாரையும் அடிக்கல, சரிதான். நான் வாசக்கதவைச் சாத்தினேன், அவ்வளவுதான்."

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு குழுவில் இருக்கிறவர் மாதிரி இல்லாமல் வீட்டு மனிதர் மாதிரிக் கேட்டார், "உங்கப்பாவுக்குத் தெரியுமாம்மா?"

"தெரியும் மாமா. அந்த டாக்டர் பையன் எப்படி இருக்கான்னு ரெண்டு தடவை எங்கிட்டக் கேட்டார். நான்தான் பேச்சை மாத்தினேன்."

இதை உன்னிடம் மூன்று வருடமாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நீ என்னை இன்னும் அதிகமாக வெறுத்திருப்பாய், அந்தப் பயம்தான்.

நூலகர் பொறுப்பிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். கிழிந்த புத்தகங்களைப் போட்டு வைக்கிற கிடங்கில் இரண்டு வருடம் உட்கார வேண்டும். பதிவேட்டையும் சாவியையும் உதவி நூலகரிடம் கொடுத்துவிட்டுப் படி இறங்கினேன்.  அழுகை வரவில்லை.

அக்கா

*

மார்ச் 30

அக்காவுக்கு,

கோபம்தான். அதில் பாதி உன் மேல், பாதி என் மேல். உன் கடைசிக் கடிதத்தை டாக்டர் சத்தமாகப் படித்தார். அப்பா கேட்டது வந்த இடத்தில் அவரால் மேலே படிக்க முடியவில்லை. மீதியை நான் படித்தேன்.

அந்தப் பையனைப் பற்றி முந்தாநாள்தான் தெரிந்தது. எல்லை தாண்டிவிட்டான். நாங்கள் சொல்லி அனுப்பியது போய்ச் சேர்ந்து இரண்டாம் நாள் அவன் கிளம்பியிருக்கிறான், ஐந்தாம் நாள் அவன் வீட்டுக்கு ஆட்கள் வந்திருக்கிறார்கள். அந்த ஆள் பின்னாலிருந்துதான் புரட்டியிருக்க வேண்டும். உன்னிடம் இதை மறைக்கக் கூடாது என்பதால் எழுதுகிறேன். மூன்று நாள் இடைவெளி. ஆபத்து அவ்வளவு கிட்டத்தில் வந்துவிட்டுப் போயிருக்கிறது.

தையல்காரரிடம், ஏன் எழுதினீர்கள் என்று மறுபடி கேட்டேன், கத்தாமல். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். "நாலு வருஷமா ஊருக்கு ஒரு பேர் சொல்லிட்டிருக்கேன். எம்பேரை யாரும் மரியாதையாக் கேட்டதில்லை. அந்தம்மா பேனாவை நீட்டினாங்க. எனக்கு முன்னால நாப்பது பேரு எழுதியிருந்தாங்க. ஒரே ஒரு இடத்துலயாவது நானும் மத்தவங்க மாதிரி எழுதிட்டுப் போறேன்னு தோணிடுச்சு." தப்பு என்று அவருக்கும் தெரிகிறது. தம்பியை நினைத்து இரண்டு வாரம் அவர் படுக்கவே இல்லை.

தாளை நீ அழித்ததையும் உன் பொறுப்பு பறிபோனதையும் சொன்னேன்.  பிறகு ஒன்றே ஒன்று கேட்டார். அழிப்பதற்கு முன்னால் அந்தம்மா அதைப் படித்தார்களா என்று.

 உன்னைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

தம்பி

*

ஏப்ரல் 3

தம்பிக்கு,

படித்தேன் என்று சொல். தண்ணீரில் போடுவதற்கு முன்னால் வாய்விட்டு ஒருதரம் படித்தேன். அறையில் வேறு யாரும் இல்லை. அந்த நாட்டு உச்சரிப்பு எனக்குச் சரியாக வந்ததா என்று தெரியாது, ஆனால் முதலெழுத்திலிருந்து கடைசி எழுத்து வரைக்கும் நிறுத்திப் படித்தேன்.

அந்தப் பையனுக்கு மூன்று நாள் மட்டும் வைத்துவிட்டவள் நான். அதற்கு அவர் என்னை மன்னிக்க வேண்டியதில்லை என்றும் சொல்.

இனி அவர் பெயரை நான் எங்கும் எழுத மாட்டேன். மறக்கவும் மாட்டேன். அவர் எப்போது வந்து நின்றாலும், கேட்காமலே சொல்லிக் கூப்பிடுவேன்.

அக்கா